புல்தரைக்கு வந்த போன்

பரங்கிப்பேட்டையில் புதுவீட்டு வாசலில் புல்தரை போட்டுவிட்டு ஆசிக் துபாய்க்குத் திரும்பினான். அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு நிமிஷம் பேசியவன், இப்போது மனைவி நஸீமாவுக்குத் தினமும் போன் செய்தான்.

"புல்லுக்குத் தண்ணி வுட்டியா?"

"வுட்டேன் மச்சான். பசேல்னு இருக்கு."

"கத்திரி வெயிலு. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ வுடு. உச்சிவெயில்ல வுட்டா வெந்துடும்."

பாலைவனத்தில் வேலை பார்ப்பவனுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாதா என்ன! மணிக்கணக்கில் பாடம் எடுத்தான். ஒருநாள் நஸீமா விடாமல் இருமினாள். அவன் பதறிப்போய், "புல்லு எங்கயாவது பழுத்திருக்கா?" என்று கேட்டான்.

அடுத்த லீவில் வந்து ஆட்டோவை விட்டு இறங்கியவன், அப்படியே நின்றுவிட்டான். வாசலில் வெறும் மண்தான் இருந்தது.

"புல்லு எங்கடி?"

"நீங்க போன பத்தாம் நாளே கருகிடுச்சு மச்சான். நம்ம போர் தண்ணி ஒரே உப்பு. எத்தன தடவ ஊத்தியும் பொழைக்கல."

"அப்ப தெனமும் பசேல்னு இருக்குன்னியே, அது?"

நஸீமா அவன் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா, நீங்க தெனமும் போன் பண்ணியிருப்பீங்களா?"