கட்டிலடி அடுப்பு

கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிய காந்திமதிக்கு ஓர் அட்டைப்பெட்டி தட்டுப்பட்டது. வெளியே இழுத்துப் பார்த்தால், இண்டக்‌ஷன் அடுப்பு.

“இன்னாடி இது?”

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் தலை சாய்த்திருந்த இசக்கிசெல்வி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். “எங்க அம்மைக்கு வாங்குனதுக்கா. கோயில் கொடைக்கு ஊருக்குப் போறப்ப கொண்டுபோவணும்னு வச்சிருக்கேன்.”

“நல்லா சொல்றே கதை! அதான் யூனிட்டு இந்த ஏறு ஏறிக்கீது.”

அரை மணிக்கு முன்புதான் கரண்ட் ஆபீஸ்காரர் ரீடிங் எடுத்துவிட்டுப் போயிருந்தார். கீழே வீட்டுக்கும், இசக்கிசெல்வி வாடகைக்கு இருக்கும் இந்த மாடி அறைக்கும் ஒரே மீட்டர்தான். போன தடவையைவிட இருபது யூனிட் கூட என்று அவர் சொன்னதும் காந்திமதி வீட்டை மூலை மூலையாகத் துழாவத் தொடங்கிவிட்டாள்.

அவள் புருஷன் இளம்பரிதி வேலை பார்க்கும் ஒரகடம் கம்பெனியில் இந்த வருஷம் ஒரு சலுகை அறிவித்திருந்தார்கள். பழைய ஃபிரிட்ஜையும் ஃபேன்களையும் கழித்துவிட்டு, குறைவாக மின்சாரம் இழுக்கிறதை வாங்க வேண்டும். அடுத்த பில்லில் கால் பங்கு யூனிட் குறைந்திருந்தால் விலையில் பாதியைக் கம்பெனி திருப்பித் தரும். குறையாவிட்டால் சல்லிக்காசு கிடையாது.

அதை நம்பித்தான் ஒரு ஃபிரிட்ஜும் நாலு ஃபேனும் தவணையில் வந்து இறங்கின. இரண்டு மாதமாக அயர்ன் பாக்ஸைத் தொடாமல், இளம்பரிதி கசங்கிய சட்டையோடுதான் வேலைக்குப் போய் வந்தான். இன்று ராத்திரி அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

சத்தம் கேட்டு மாவுக் கையோடு மாடிப்படி ஏறி வந்தாள் ஞானம்மா. காந்திமதிக்கு ஓரகத்தி. பூர்வீக வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, அந்தப் பக்கம் அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அண்ணன் நாகப்பன், இந்தப் பக்கம் தம்பி இளம்பரிதி. சுவர் எழும்பியபோது இரண்டு பக்கத்துக்கும் ஒயரிங் செய்தது நாகப்பன்தான். கூலி என்று தம்பியிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை.

“நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?” என்று அடுப்பைக் காலால் தள்ளினாள் ஞானம்மா. “இவ மஞ்சக்காமாலைன்னு படுத்தப்போ பத்து நாளு கஞ்சி வெச்சி ஊத்தினியே, அதுக்கு நல்லா செஞ்சிட்டா பாரு.”

“யக்கா, நான் கேன்டீன்ல சாப்பிடுதேன். எனக்கு எதுக்கு அடுப்பு?” என்றாள் இசக்கிசெல்வி.

“பேசாத நீ!” ஞானம்மா காந்திமதி பக்கம் திரும்பினாள். “எங்க வூட்டப் பாரு. ரெண்டு மாசமா ஆஸ்டலுக்கெல்லாம் மாவு குடுக்கறேன், நாளு பூரா கிரைண்டர் ஓடிக்கினே கீது. எங்களுக்கு கம்பெனி காசு போன மாசமே வந்துட்ச்சி. எதையும் பாத்து பாத்து செய்யணும்மே. சரி, நான் போறேன், மாவு பொங்கிடும்.”

அவள் போனதும் காந்திமதியின் கோபம் அழுகையாக மாறியது. “கூடப் பொறந்தவளாட்டம் நெனச்சேன்டி உன்ன. சாயந்திரத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணிடு.”

“பெட்டியில டேப்பு கூடப் பிரிக்கலியேக்கா.”

“பிரிச்சத திருப்பி ஒட்டத் தெரியாதா உனக்கு?”

இசக்கிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பையத் தூக்கிட்டுப் போயிருதேன். அதுக்கு முன்ன ஒண்ணு மட்டும் பாத்துருவோம். நான் எங்க ஃபேக்டரி லைன்ல டெஸ்டிங்லதான இருக்கேன்? சர்க்யூட் போர்டுல கோளாறுன்னா ஒவ்வொண்ணா கழத்திக்கிட்டே வருவோம். எதக் கழத்துனா நிக்குதோ, அங்கதான் கோளாறு.”

மாடி அறையில் இருந்த ஒரே ஃபேனையும் விளக்கையும் முதலில் அணைத்தாள். கீழே வந்து நாலு ஃபேன், டிவி, புது ஃபிரிட்ஜ் என்று ஒன்று விடாமல் நிறுத்தினாள். சுவரில் சும்மா தொங்கிய செல்போன் சார்ஜரைக்கூட விடாமல் பிடுங்கினாள். வீடு கப்சிப்பென்று ஆனது. சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் மட்டும் கடகடத்தது.

இருவரும் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் முன்னால் போய் நின்றார்கள். சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“இது நின்னுருக்கணும்க்கா” என்று முணுமுணுத்தாள் இசக்கிசெல்வி. “எல்லாத்தயும் அணைச்சாச்சே.”

காந்திமதிக்குச் சட்டென்று உயிர் வந்தது. “அப்போ மீட்டரே கெட்டுப் பூட்ச்சா? எழுதிக் குடுத்தா மாத்திடுவாங்க இல்ல?” அவசரப்பட்டுவிட்டோமே என்று மனசு குத்தியது. “அடியே, எதையும் கட்டி கிட்டி வெக்காதே. இரு.”

“மெயின இறக்கிப் பாருங்க. அப்பவும் சிமிட்டுச்சின்னா மீட்டர்தான் கோளாறு.”

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு காந்திமதி மெயினை இறக்கினாள். சிவப்பு விளக்கு நின்றது. எதிர் வீட்டு டிவியில் பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஞானம்மாவின் குரல் வந்தது.

“ஏ காந்திமதி! எந்த நேரத்துல கரண்ட்டு பூட்ச்சி பாருடி, மாவு பாதில நிக்குது!”