இடது காதில் மல்லிகை

நாற்பது வருடம் கழித்து ஒரு செப்டம்பரில் துனிஸ் வந்திறங்கிய வஸீலா, மர்ஸா கடற்கரைக் காப்பிக் கடையில் ஹாதியைப் பார்த்தாள். முதலில் கண்ணில் பட்டது அவர் இடது காதில் செருகியிருந்த மல்லிகைச் செண்டுதான். அந்த ஊரில் கல்யாணமானவர்கள் வலது காதில் செருகுவார்கள். இடது காது தனி ஆளுக்கு.

பூ இருந்த பக்கமே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“என்ன ஹாதி, இன்னும் பொண்ணு தேடுறியா?”

“வஸீலா!” என்றவர், அதற்குமேல் சிரிக்க மட்டும் செய்தார்.

“பிரான்சுக்குப் போன முதல் வாரமே எழுதினேனே, வந்து கூட்டிட்டுப் போன்னு. ஒரு வரி பதில் போட்டியா, கல்நெஞ்சக்காரா? இப்ப நானும் தனி ஆள்தான், தெரியுமா?”

ஹாதி கடலைப் பார்த்தபடி தலையாட்டினார்.

அப்போது ஓர் அம்மாள் மூச்சு வாங்க வந்து மேசையில் பேட்டரி ஒன்றை வைத்தாள். “நான் இவரு வீட்டுக்காரி, பெய்யா.”

“அப்ப... இந்தப் பூ?”

“வலது காதுல மெஷின் இருக்கே அக்கா, அதான் பூவை இந்தப் பக்கம் தள்ளிட்டேன். காலையிலேருந்து பேட்டரி காலி. நீங்க என்ன பேசியிருந்தாலும் சும்மா தலையாட்டியிருப்பாரு!”

வஸீலாவுக்கு அப்பாடா என்றிருந்தது. “சும்மா ஊர்க்கதைதான்மா” என்று எழுந்தாள்.

பெய்யா தேநீர் சொல்ல உள்ளே போனாள். ஹாதி இடது காதிலிருந்து செண்டை எடுத்து வஸீலாவின் கையில் வைத்தார்.

“இந்தக் காதுக்கு மெஷின் வேண்டாம், வஸீலா” என்றார் மெதுவாக. “அந்தக் கடுதாசி எனக்கு வரவே இல்ல.”