கடைசிப் பெட்டி

சிகாமட்டில் நான்கு நாளாக வெள்ளம். மூன்று மாதமாக எட்டிப்பார்க்காத மருந்துக் கடைக்குள் புஷ்பவள்ளி நனைந்தபடி ஓடிவந்து டாக்டர் சீட்டை நீட்டினாள்.

"மிஸ், வீட்டுக்காரருக்கு வலிப்பு மாத்திரை முந்தாநாளே முடிஞ்சிருச்சு. காலையில ஒருதடவை இழுத்துருச்சு."

"இவ்ளோ நாளா ஆளையே காணோமேக்கா?" என்று கேட்டாள் மருந்தாளர் ஷாந்தினி.

"மக வீட்டுல இருந்தோம்," என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

ஷாந்தினி அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ஒரே பெட்டிதான் இருக்கு. அதுவும் வேற ஒருத்தருக்குக் கட்டி வெச்சது."

"அவங்க ரெண்டு நாள் பொறுக்கட்டுமே, மிஸ்."

"அவங்க வீட்டுலயும் வலிப்புதானேக்கா?"

"யாரோ எப்படியோ போகட்டும். எனக்கு என் புருஷன் வேணும்." மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஷாந்தினிக்கு மனம் கேட்கவில்லை. கணினியில் எதையோ தட்டிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து மருந்தை அவள் கையில் வைத்தாள்.

"ஆன்லைன் ஆர்டர்க்கா. கம்பெனியில இருந்து ஆர்டர் நம்பர் மட்டுந்தான் அனுப்புவாங்க, ஆள் யாருன்னு நமக்குத் தெரியாது. இந்த வெள்ளத்துல டெலிவரிக்காரங்க எடுக்கவே வரல. பாவம், யாரு காத்துக்கிட்டு இருக்காங்களோ."

புஷ்பவள்ளியின் கைப்பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள்.

அவள் ஆன்லைனில் போட்டிருந்த மருந்து, கடையில் தீர்ந்துவிட்டதால் ரத்து என்றிருந்தது.