ஃபெர்கஸுக்காக ஓடியவர்

என் கணவர் மலாக்கி டியர்னி, ட்ராய் நகர பேஸ்பால் அணியில் சம்பளத்துக்கு ஆடியவர். மார்ச் மாதம் நுரையீரல் காய்ச்சலில் இறந்தார். அவர் பார்க்காத எங்கள் மகள் மே மாதம் பிறந்தாள். ஜூலையில் ஒரு மதியம் அவளைத் தூங்கவைத்து, பக்கத்து வீட்டு பிரிஜிடிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கொழுந்தன் ஃபெர்கஸின் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன்.

ஃபெர்கஸுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அப்படி அடிபட்டவன் பந்தை அடித்தால், எதிரணித் தலைவர் சம்மதத்தோடு அவனுக்காக வேறொருவர் ஓடலாம்.

"நொண்டிக்குக் குதிரை வேணுமாம்டா! சரி, எவனையாவது ஓடச் சொல்லு" என்று எதிரணித் தலைவர் சிரித்தார்.

"யாராவது ஒருத்தன் வாங்கடா" என்றான் ஃபெர்கஸ், திரும்பிப் பார்க்காமலே.

பெஞ்சில் இருந்தது எட்டுப் பேர். எட்டுப் பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். கோடியிலிருந்து ஒன்பதாவதாக ஒருவர் எழுந்து வந்தார். தொப்பி முகத்தை மறைத்திருந்தது.

ஃபெர்கஸ் பந்தை வேலிவரை அடித்தான். அவர் இடது முழங்கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடினார். விலா எலும்பு முறிந்த வருடத்திலிருந்து மலாக்கி அப்படித்தான் ஓடுவார்.

ஓடித் தொடவேண்டிய மூன்று தளங்களையும் மிதித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்தார். கூட்டம் கைதட்டியது. அவர் நிற்கவில்லை. எல்லைக் கயிற்றைத் தாண்டி, எங்கள் வீட்டுக்குப் போகும் மேட்டுச் சாலையில் ஏறினார்.

ஃபெர்கஸ் மட்டையை நழுவவிட்டான். "அண்ணி, குழந்தை! ஓடுங்க அண்ணி!"

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "அவ பச்சப்புள்ளைங்க, உங்களோட கூட்டிட்டுப் போயிடாதீங்க, விட்டுடுங்க!" என்று கத்தினேன்.

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதும் அவர் வேகம் குறையவில்லை.