யார் சொன்னதுன்னு தெரியாது

"ஏத்தா கயலு, இதுல யாரு சொன்னதுன்னு கண்டுபிடிக்கவே முடியாதா?"

அப்துல் சமது மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். இந்தக் கேள்விக்குத்தான் கயல் பயந்துகொண்டிருந்தாள்.

கம்பத்திலிருந்து மேலே ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப்போகும் ஆறு ஜீப்புகளுக்கு அவர் முதலாளி. முதல் நாளே போனில் சீட்டுப் பிடித்து வைக்க ஒரு ஆப் வேண்டும் என்றார், கயல் செய்து கொடுத்தாள். ஆப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ராஜா முகம்மது ஓட்டும் வண்டியில் மட்டும் ஒருத்தியும் சீட்டுப் பிடிப்பதில்லை. மற்ற ஐந்தும் நிரம்பி வழிந்தால்தான் அதில் ஏறுகிறார்கள். ஏனென்று அவர்களிடமே கேட்டுவிடுவோம், அதற்கு ஒரு நல்ல சர்வே சாஃப்ட்வேராகப் பார் என்று சொன்னவரும் சமதுதான்.

ஏனென்பது ஊருக்கே தெரிந்த விஷயம். மலை வளைவில் ராஜா முகம்மது வண்டியை ஓட்டமாட்டான், விரட்டுவான். யார் போய்ச் சொல்வது? அவன் முதலாளியின் ஒரே மகள் பாஜிலாவைக் கட்டியவன். வாயைத் திறந்தால் நாளைக்கு எந்த ஜீப்பிலும் இடம் கிடைக்காது என்று பெண்கள் பேசாமல் ஏறி, பேசாமல் இறங்கினார்கள். கயலின் அம்மா சந்தனம்மாளும் அவர்களில் ஒருத்தி.

"கண்டுபிடிக்க முடியாது பாய்" என்றாள் கயல். "அதுக்குத்தான் நம்ம கம்ப்யூட்டர்லயே வச்சு ஓட்டுற மாதிரி ஒன்னு பாத்திருக்கேன். ஓப்பன் சோர்ஸு. உள்ள என்ன நடக்குதுன்னு யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாத்துக்கலாம், ஒளிவு மறைவு கிடையாது."

"லிங்க் அனுப்புனா மட்டும் போதும்னு இன்னொன்னு சொன்னியே?"

"அது மெயில் ஐடி கேக்கும் பாய். சொல்றதெல்லாம் வேற எவன் கம்ப்யூட்டர்லயோ போய் உக்காந்துக்கிரும்."

"அப்ப அது வேணாம். தள்ளு." மூலையிலிருந்த கம்ப்யூட்டரைச் சந்தேகமாகப் பார்த்தார். "இது ஆபீசுக்குள்ள இருக்கே. மருமகன் தொறந்து பாக்க முடியுமா?"

"பாஸ்வேர்டு வச்சிருக்கவுகதான் பாக்க முடியும்."

"போன் நம்பரு விழுமா?"

"விழாது. எந்த போன்ல இருந்து வந்துச்சுன்னும் வச்சுக்கிறாது. அதையெல்லாம் நிறுத்திட்டேன்."

"எழுதுற தோரணையை வச்சுப் பிடிச்சிரலாம்ல? ஆளுக்கு ஒரு பேச்சு இருக்கே."

விடமாட்டார் போலிருக்கிறதே என்று நொந்துகொண்டாள் கயல். "எழுதவே வேணாம் பாய். மெதுவு, சரியான வேகம், ரொம்ப வேகம். மூணு படம் வரும், ஒன்னைத் தொட்டாப் போதும்."

"ஒரே ஆளு நாலஞ்சு தடவை தொட்டா?"

"ஆளுக்கு ஒரு லிங்க்தான். ஒரு தடவைதான் தொட முடியும்."

சமதுவின் முகம் சுண்டிப்போயிற்று.

அந்த நேரம் பார்த்து ராஜா முகம்மது உள்ளே வந்தான். கையில் டீ கிளாஸ். மாமனார் கைலியைச் சரிசெய்துகொண்டு சட்டென்று எழுந்து நின்றார்.

"உக்காருங்க மாமா. சீனி கம்மியாத்தான் போடச் சொன்னேன். ஆறிரும், குடிங்க."

"நீங்க குடிச்சீகளா மருமகனே? வெயில்ல நிக்காதீக." சொல்லிக்கொண்டே ஒரு கையால் கம்ப்யூட்டர் திரையை மறைத்துக்கொண்டார்.

அவன் வண்டியைக் கழுவப் போனான். தங்கமான பிள்ளை, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஸ்டியரிங்கைத் தொடும்வரை. மருமகன் மேல் இவ்வளவு உருகுகிற மனிதர் அவனைப் பற்றிப் புகார் சொன்னவளைச் சும்மா விடுவாரா? கயலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"பாய், கோவிச்சுக்கிறாதீக. யாருன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போறீக? அந்தப் பொம்பளைக வயித்துப் பாட்டுக்காக மலையேறுறவுக. எங்கம்மாவும் அதுலதான் போகுது. மருமகனைக் குத்தம் சொன்னா ஒங்களுக்கு வலிக்கும், இல்லைங்கல. அதுக்காகச் சொன்ன ஆளைத் தேடுறதா இருந்தா எனக்கு இந்த வேலையே வேணாம்."

சொல்லிவிட்டாள். நாளைக்கு அம்மா எந்த வண்டியில் போவாள் என்ற கவலை அப்போதே பிடித்துக்கொண்டது.

சமது எழுந்து வாசலுக்குப் போனார். வெளியே மருமகன் டயரில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்ததை ஒரு நிமிடம் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"இந்தச் சாஃப்ட்வேரே இருக்கட்டும். பாஸ்வேர்டை நீயே வச்சுக்க, எனக்குச் சொல்லாத" என்றார். "எனக்குத் தெரிஞ்சா பாஜிலா கேப்பா. அவ கேட்டா நான் உளறிருவேன்."

கயல் விழித்தாள்.

நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார் அவர்.

"மொத லிங்கை எனக்கு அனுப்புத்தா. மாமா முன் சீட்டுல இருக்காகன்னு மரியாதைக்கு அவுக இன்னும் வேகமா விரட்டுறாக, மலை எறங்குற வரைக்கும் உசுரைக் கையில பிடிச்சுக் கலிமா சொல்லிக்கிட்டே வர்றேன். பொண்ணைக் குடுத்தவன் மருமகன்கிட்ட இதை எந்த வாயால சொல்றது?"