முதல் இடிக்கு முதல் போன்

"இனிமே இடி இடிச்சா எனக்குப் போன் பண்ணாத, சொல்லிட்டேன்."

தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டே மனைவி பாண்டிலட்சுமியிடம் கறாராகச் சொன்னான் முனியராஜ். அவர்கள் ஊரான ஆமத்தூருக்குக் கம்பெனி வேன் வருகிற நேரம்.

அவன் வேலை பார்ப்பது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில். அடுத்த வாரம் அவனைப் போர்மேன் ஆக்கப்போவதாகப் பேச்சு. வெகுகாலமாக ஏங்கிக்கிடந்த வேலை. இந்த நேரம் பார்த்துத்தான் கோடை மழை பாடாய்ப் படுத்துகிறது. காலையில் மண்டையைப் பிளக்கிற வெயில். மத்தியானம் மேற்கு மலையில் துண்டு மேகம் தலைகாட்டும். காயப்போட்ட சரக்கை அள்ளுவதற்குள் கொட்டித் தீர்த்துவிடும். எப்போது வரும், எங்கே வரும் என்று எவனாலும் சொல்ல முடியவில்லை.

இடி வரும்போல இருந்தால் பட்டாசு ரூமில் ஒருத்தரும் இருக்கக் கூடாது. மணி அடித்ததும் வேலையைப் போட்டுவிட்டு வாசல் கொட்டகைக்கு ஓடிவர வேண்டும். காலையில் வாங்கி வைத்த செல்போன்களைக் காவல்காரர் தங்கச்சாமி அங்கேதான் திருப்பிக் கொடுப்பார். கொடுத்த கையோடு முனியராஜின் போன்தான் முதலில் அலறும். சாப்பிட்டீகளா, குழம்பில் உப்பு சரியாக இருந்ததா என்று ஆரம்பித்து, வானம் வெளுக்கும்வரை அவள் விடமாட்டாள். கூட வேலை பார்க்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"பட்டாசுக்காரன் பொண்டாட்டி இடிக்குப் பயப்படலாமா? பொண்டாட்டியவே அடக்கத் தெரியாதவன் அம்புட்டுப் பேரை எப்படி மேய்ப்பான்னு முதலாளி கேக்க மாட்டாகளா?"

அவள் சரிங்க, பண்ணவில்லை என்று உள்ளே போய்விட்டாள். அவனும் வேனில் ஏறி, பக்கத்து சீட்டுக்காரனிடம் பெண்பிள்ளைகளின் பயத்தைப் பற்றி வழிநெடுகப் பிரசங்கம் செய்தான். அணுகுண்டு வெடி சுற்றுகிற கையல்லவா அவன் கை.

அன்று மத்தியானமே மலை கறுத்தது. மணி அடித்தது. முதலாளியும் கொட்டகைக்கு வந்து நின்றார். முனியராஜ் போர்மேன் தோரணையில் நெஞ்சை நிமிர்த்தி, போனைக் கையில் வைத்துக்கொண்டான்.

முதல் இடி விழுந்தது. போன் அடிக்கவில்லை. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும், இல்லை. பாவம், தனியாக என்ன பாடுபடுகிறாளோ என்று மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த இடி தகரக் கூரையை அதிரவைத்தது. போன் கையில் வழுக்கியது. சாரல் பட்டிருக்கும் என்று சட்டையில் துடைத்துக்கொண்டான். வெட்டிக் கௌரவத்துக்காகக் கட்டினவளைத் தவிக்கவிட்ட தன்னைப் போல ஒரு மடையன் ஜில்லாவில் உண்டா? போர்மேனாம், பெரிய போர்மேன். முதலாளி பார்த்தால் பார்க்கட்டும், வேலை போனால் போகட்டும் என்று அவனே கூப்பிட்டான்.

"பயப்படாத புள்ள, நான் இருக்கேன்..."

"எனக்கென்னங்க பயம்? இங்கன வெயில் கொளுத்துது. துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் பாண்டிலட்சுமி. "அங்கன இடி இடிச்சா தங்கச்சாமி அண்ணன்தான் எனக்குத் தகவல் சொல்லுவாரு. இப்பவும் சொன்னாரு, நீங்கதான் வேணாம்னுட்டீகளே. போர்மேன் ஆகப்போற ஆளு நடுங்குறத சனம் பாத்துறக் கூடாது, இடி ஓயுறவரைக்கும் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கச் சொல்லுன்னு உங்க முதலாளிதான் அவருகிட்ட சொல்லி வச்சாகளாம்."