மெல்லிசுத் தோல்

“தோல் ரொம்ப மெல்லிசு. பத்து மணி வெயில்ல போட்டுடாத, கருகிடும்!”

ஆம்பூர் தோல் கம்பெனியின் பின்கட்டில் நின்று கோபி போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் வந்த மேனேஜர் ரஃபி அகமது, தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

“அதுக்காக இருட்டுலயே வெச்சிருக்காத ஹேமா. காலையில இளவெயில் கொஞ்சம் படணும். ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம். எண்ணெ தடவிட்டியா? வயித்துப் பக்கம் மெதுவா. தூக்குறப்ப கழுத்தைத் தாங்கிப் புடி. யார் கேட்டாலும் மூச்சு விடாத!”

அடப்பாவி! ரஃபிக்கு ரத்தம் தலைக்கேறியது. வயிறு, கழுத்து என்று பாகம் பாகமாக அல்லவா சொல்கிறான்! கம்பெனித் தோலைக் கடத்திக்கொண்டுபோய்த் தனியாகப் பதம் போடுகிறான், பெண்டாட்டியும் கூட்டு. நாலு மாசமாக அவள் நாட்றம்பள்ளியில் அம்மா வீட்டிலேயே இருப்பது இதற்குத்தானா?

முதலாளிக்குத் தெரிந்தால் கோபி வேலையோடு இவர் வேலையும் சேர்ந்து போகும். அவருக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் விடியாததுமாக பைக்கை நாட்றம்பள்ளிக்கு விட்டார். மாமனார் வீட்டு மாடிப்படியில் நின்ற கோபி, அவரைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தான்.

“சார்! இன்னா சார் இவ்ளோ தூரம்?”

“சரக்கைப் பாக்க வந்தேன். நவுருடா!”

“மேல வேணாம் சார். யாருக்கும் காட்டக்கூடாதுன்னு மாமியார் கறாரா சொல்லியிருக்காங்க.”

“மாமியாருமா? குடும்பமே கூட்டா?”

கோபியைத் தள்ளிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினார் ரஃபி. மொட்டைமாடியில் இளவெயில் இதமாக அடித்தது. ஒரு மூலையில் வெள்ளைத் துணி போர்த்திய சின்ன மூட்டை, பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம், காவலுக்கு ஹேமலதா.

“வசமா மாட்டுனீங்களா!” என்று கத்திக்கொண்டே துணியை உருவக் குனிந்தார்.

ஹேமலதா பதறிப்போய் அவர் கையைத் தடுத்தாள்.

“மெதுவா சார்... கொறமாசப் புள்ள, இப்பத்தான் கண்ணசருது!”